அக்காவுக்கு மறுத்த மருந்து தங்கைக்கு எப்படிப் பொருந்தும்?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நள்ளிரவில் உடல் திடீரெனச் சூடேறி, வியர்த்துக் கொட்டி, தூக்கமே போய்விட்டது. மகப்பேறு மருத்துவர் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதித் தந்து, "இதயத்துக்கும் இது நல்லது" என்றார். ஆனால் 67 வயதான என் அக்கா இதே சிகிச்சையைக் கேட்டபோது, மாரடைப்பு அபாயம் என்று சொல்லி அவருடைய மருத்துவர் மறுத்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு ஒரே மருந்து எப்படி நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்க முடியும்? இதற்கிடையே, ரத்தக்குழாய்களை நலமாக வைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. சேரலாமா? என் ரத்த அழுத்தம் 138/86. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் இதயத்தை வலுவாக்கும் என்று என் கணவர் எங்கோ படித்திருக்கிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்களுக்கு மருந்து எழுதிய மருத்துவரும் தங்கள் அக்காவுக்கு மறுத்த மருத்துவரும் முரண்பட்டவர்கள் போலத் தோன்றினாலும், என் பார்வையில் இருவரின் முடிவும் சரியே. "இதயத்துக்கும் இது நல்லது" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் நான் அடித்துவிடுவேன். தூக்கத்தைக் கெடுக்கும் உடற்சூட்டுக்காகத் தாங்கள் அந்தப் பட்டையை ஒட்டிக்கொள்ளலாம். இதயத்தைக் காப்பதற்காக என்று நினைத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம். இந்த வேறுபாட்டைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்தியல் ஆய்வகங்களில் இன்றும் நடக்கும் ஒரு எளிய சோதனையிலிருந்து தொடங்குகிறேன். எலியின் பெருந்தமனியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்து, இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளுக்கு இடையே மாட்டி, 37 டிகிரி வெப்பத்தில் உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். ஆக்சிஜன் குமிழ்கள் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கரைசலில் சுருக்கும் மருந்தொன்றைச் சொட்டினால் வளையம் இறுகும்; அதன்பின் நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் தளரும். ஆனால் அந்த வளையத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒருமுறை தேய்த்துவிட்டு அதே சோதனையைச் செய்தால், எவ்வளவு அசிட்டைல்கோலின் ஊற்றினாலும் வளையம் தளர்வதில்லை. இந்த விந்தையைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் தமனியை எடுக்கும்போது தெரியாமல் ஏற்பட்ட உராய்வுதான் தம்முடைய பழைய சோதனைகளின் முடிவை மாற்றியிருக்கிறது என்று அவர் உணர்ந்து, 1980இல் வெளியிட்டார். தமனியின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற செல்படலமே தளர்வுக்கான உத்தரவைத் தருகிறது. அந்த உத்தரவைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இந்த ஆராய்ச்சிக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயில் வேலை செய்யும் முக்கியமான இடம் அந்தப் படலம்தான். அதன் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் ஏற்பிகள் என்ற புரதங்கள் உள்ளன. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி கூடுகிறது, குழாய் எளிதில் விரிகிறது, வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்வது குறைகிறது. சினைப்பை நீக்கிய எலியின் வளையம் மந்தமாகத் தளர்வதையும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலியின் வளையம் பழையபடி தளர்வதையும் பார்க்கும் எந்த இளம் ஆராய்ச்சியாளரும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கெல்லாம் இதைக் கொடுத்தால் மாரடைப்பே வராதே என்று ஒரு கணமாவது நினைப்பார். நானும் அப்படி நினைத்தவன்தான்.

ஆனால் ஹார்மோன் வந்து சேரும் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்து, சுவரில் கொழுப்புப் படிவு தடித்துப்போன தமனியில், ஏற்பிகள் குறைந்திருக்கும். கொலஸ்டிராலிலிருந்து உடலே உண்டாக்கும் 27-ஹைட்ராக்சி கொலஸ்டிரால் என்ற பொருள், மிஞ்சிய ஏற்பிகளிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் போட்டியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நிலையில் பயன் சுருங்கிவிடுகிறது. ஆனால் ரத்தம் உறைவதைத் தூண்டும் இயல்பும், படிவின் மேல்மூடியை வலுவிழக்கச் செய்யும் நொதிகளைக் கூட்டும் இயல்பும் அப்படியே நிற்கின்றன. படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்புகளின் கதை. குரங்குகளிலும் இது தெளிவாகத் தெரிந்தது: சினைப்பையை நீக்கியவுடன் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவற்றில் தமனிப் படிவு வெகுவாகக் குறைந்தது, இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவற்றில் அந்தப் பயன் இல்லை.

தங்கள் 52 வயதுத் தமனியும் அக்காவின் 67 வயதுத் தமனியும் இந்த விஷயத்தில் வெவ்வேறு நிலங்கள். ஒரே வயிற்றில் பிறந்தது இங்கே கணக்கில் வராது.

இந்த முடிவுக்கு வருவதற்குமுன் மருத்துவத் துறை தடுமாறிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியதே. பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருவதைப் பார்த்து, ஈஸ்ட்ரோஜன்தான் கவசம் என்று முடிவு கட்டி, 1960களில் அதைப் பெரிய அளவில் சோதித்தது யாரிடம் தெரியுமா? ஆண்களிடம். அமெரிக்காவில் ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதிக அளவு பெற்ற பிரிவில் மீண்டும் மாரடைப்பு கூடியதால் 1970இல் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள்; குறைந்த அளவு பெற்ற பிரிவும் 1973இல் நின்றது. அந்த எச்சரிக்கையைப் பலரும் "அவர்கள் ஆண்கள்தானே" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு, 1976இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களில் இதய நோய் ஏறத்தாழ பாதியாக இருப்பதாகக் காட்டியது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பெண்கள் தாங்களாக மருத்துவரை நாடி ஹார்மோன் கேட்டு வாங்கியவர்கள். எடையைக் கவனிப்பவர்கள், நடப்பவர்கள், ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்பவர்கள் அவர்களில் அதிகம். மருந்து அவர்களை நலமாக்கியதா, நலமானவர்கள் மருந்தைத் தேர்ந்தார்களா என்பதை வெறுமனே கவனித்துக்கொண்டிருக்கும் ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல இயலாது. அதற்குக் குலுக்கல் முறையில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்த பெரிய ஆய்வின் ஒரு பகுதியில், கருப்பை நீக்கப்படாத 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 63. எட்டரை ஆண்டுகள் நடக்க வேண்டிய அது, 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. அக்காவின் மருத்துவருடைய மனதில் இருப்பது அந்த முடிவாகத்தான் இருக்க வேண்டும். மாரடைப்பு 29 சதவீதம் கூடியது என்று அன்று தலைப்புச் செய்திகள் வந்தன. அதையே வேறு விதமாகச் சொன்னால், 10,000 பெண்களை ஓர் ஆண்டு கவனித்தால் போலி மாத்திரைக் குழுவில் 30 பேருக்கும் ஹார்மோன் குழுவில் 37 பேருக்கும் இதயத் தமனி நோய் நிகழ்ந்தது. பக்கவாதம் 21இலிருந்து 29 ஆகவும், மார்பகப் புற்றுநோய் 30இலிருந்து 38 ஆகவும் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. ஏழெட்டுப் பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் நோயில்லாத கோடிக்கணக்கான பெண்களுக்கு, இதயத்தைக் காக்கும் என்று சொல்லிக் கொடுத்த மருந்து என்ற வகையில் அது ஏற்க முடியாத எண். பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாரடைப்பு அபாயத்தின் உயர்வு பெரும்பாலும் மாதவிடாய் நின்று நீண்டகாலம் கழித்து மருந்தைத் தொடங்கியவர்களிடமே இருந்தது.

இந்தக் கால இடைவெளியைச் சோதிக்கவென்றே நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களையும், பத்து ஆண்டுகளுக்குமேல் ஆனவர்களையும் என மொத்தம் 643 பெண்களைச் சேர்த்து, கழுத்துத் தமனியின் சுவர்த் தடிப்பை அளந்தார்கள். முதல் குழுவில் ஈஸ்ட்ரோஜன் அந்தத் தடிப்பின் வேகத்தைக் குறைத்தது. இரண்டாம் குழுவில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் 727 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடந்த இன்னோர் ஆய்வில், மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளுக்குள் இருந்தவர்களிடமும் சுவர்த் தடிப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு, தொல்லை தரும் அறிகுறிகளுக்காக ஹார்மோன் கொடுப்பதில் தீமையைவிட நன்மை அதிகம் என்பதும், இதய நோயைத் தடுப்பதற்கென்று யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பதுமே இன்றைய நிலைப்பாடு. தங்கள் மருத்துவரின் சீட்டு முதல் பாதிக்குள் அடங்குகிறது. அவருடைய வாக்கியம் இரண்டாம் பாதியில் இடிக்கிறது.

அவர் மாத்திரையைத் தவிர்த்துப் பட்டையைத் தேர்ந்ததற்கு நான் அவரைப் பாராட்டுகிறேன். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, அங்கே ரத்தம் உறைவதற்கான புரதங்களின் உற்பத்தியைக் கூட்டிவிட்டுத்தான் மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. தோல்வழி செல்வதற்கு அந்தச் சுற்றுவழி இல்லை. புரோஜெஸ்டிரோன் மாத்திரையைத் தாங்கள் "கூடுதல் மருந்து" என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியே போனால் கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கு வழி திறக்கும். அதைத் தடுக்கவே அந்த மாத்திரை.

ஹார்மோனைவிட அந்த 138/86தான் தங்கள் தமனிகளுக்கு முக்கியமான எண் என்பது என் எண்ணம். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வீட்டிலேயே அளந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கமில்லாத இரவுகளும் அந்த எண்ணை ஏற்றும். பட்டை ஒட்டி இரண்டு மூன்று மாதங்களில் தூக்கம் திரும்பினால் அழுத்தமும் சற்று இறங்கலாம். இறங்காவிட்டால் அதற்கென மருந்து உண்டு, அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைப்பது ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. ஹார்மோனே வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தாலும் வழியில்லாமல் இல்லை: மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புகளை மட்டும் அமைதிப்படுத்தும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனைகள் அவசியம்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். "ரத்தக்குழாய்களை நலமாக வைக்கும் என்று எதிர்பார்க்கப்படும்" என்று அழைப்பில் இருந்ததைத் தாங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அந்த "எதிர்பார்க்கப்படும்" என்ற சொல்லை யாரோ கவனமாகத்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே எதை அளக்கப்போகிறார்கள் என்பதே தாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெரும்பாலும் தங்களை வெறும் வயிற்றுடன், காபி குடிக்காமல் வரச் சொல்வார்கள். மங்கிய வெளிச்சமுள்ள அறையில் படுக்கவைத்து, முன்கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கும்வரை காற்றடித்து ஐந்து நிமிடம் வைத்திருப்பார்கள். விரல்கள் மரத்து, சற்றுக் கடுக்கும். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வர, மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்ப்பார்கள். நான்கு மில்லிமீட்டர் குழாய் ஆறு சதவீதம் விரிந்தால் அது கால் மில்லிமீட்டர்கூட வராது. இளம்பெண்களில் மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த எண் மாறும் என்றால், அது எவ்வளவு நுண்ணிய அளவீடு என்று புரிந்துகொள்ளலாம். எண்டோதீலியத்தின் நிலையை அறிய இது அருமையான வழி. ஆனால் இந்த எண் கூடினால் மாரடைப்பு குறையும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

டார்செட்ராபிப் என்ற மருந்து இதற்குப் பாடமாகவே நிற்கிறது. அது நல்ல கொலஸ்டிராலை 72 சதவீதம் உயர்த்தியது. கெட்ட கொலஸ்டிராலையும் குறைத்தது. பரிசோதனைத் தாளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 15,067 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு கூடியது தெரிந்து 2006 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. ரத்த அழுத்தத்தையும் அது ஏற்றியிருந்தது. ஈஸ்ட்ரோஜனும் தாளில் அழகாகத்தான் இருந்தது: கொலஸ்டிரால் இறங்கியது, குழாய் விரிந்தது, மாரடைப்பு மட்டும் சொல்பேச்சு கேட்கவில்லை.

இவ்வளவும் சொல்வதால் ஆய்வில் சேராதீர்கள் என்று பொருளில்லை; தங்களைப் போன்ற பெண்கள் சேர வேண்டும் என்றே விரும்புகிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை ஆய்வுகளிலிருந்து விலக்கிவைத்தது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று சோதித்து 1989இல் முடிவு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் இருந்த 22,071 மருத்துவர்களும் ஆண்கள். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்பதற்காக, அவர்களுக்கான அளவைப் பாதியாக்க அதே நிறுவனம் சொன்னது 2013இல். அதற்குமுன் இருபது ஆண்டுகள் பெண்கள் அதை முழு அளவில் விழுங்கிவந்தார்கள்.

ஆகவே, ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால், அதுவே மறுப்பதற்குப் போதிய காரணம். அது எந்தக் கட்ட ஆய்வு என்று பாருங்கள். முதல் கட்டம் என்றால் சில டஜன் பேரிடம், பெரும்பாலும் பாதுகாப்பையும் அளவையும் மட்டும் சோதிப்பார்கள். தங்களுக்கு அதில் நலன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் கட்டத்தில்தான் கையில் பட்டை கட்டி அளப்பது போன்றவை வரும். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடம் மாரடைப்பையும் இறப்பையும் எண்ணுவார்கள். போலி மாத்திரை உண்டா, யாருக்கு எது என்று ஆய்வாளருக்கே தெரியாத முறையா, ஆய்வை நடத்துபவர்களைச் சாராத கண்காணிப்புக் குழு இருக்கிறதா, நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பவை படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகும் உரிமை தங்களுக்கு உண்டு. ஆய்வை நடத்தும் மருத்துவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், அந்த அறையில் அவர் தேடுவது மருந்தைப் பற்றிய விடையை. தங்களுக்கு எது சிறந்தது என்பதைத் தேடுபவர் தங்கள் சொந்த மருத்துவர். இந்த இரண்டு வேடங்களையும் நோயாளிகள் குழப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ரத்தக்குழாய் ஆய்வுகள் பலவற்றில் ஹார்மோன் எடுப்பவர்களைச் சேர்ப்பதில்லை. முடிவு கலங்கிவிடும் என்பதே காரணம். ஆய்வில் சேர்வதற்காக ஈஸ்ட்ரோஜன் பட்டையை விட்டுவிட்டு, இன்னும் ஓர் ஆண்டு வியர்த்து விழித்திருக்க வேண்டியிருக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் நான் தூக்கத்தையே தேர்வேன்.

தங்கள் கணவருக்கு: டெஸ்டோஸ்டிரோன் குறைவும் அதற்கான அறிகுறிகளும் இருந்து, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. ஜெல் பூசியவர்களில் 7.0 சதவீதத்தினருக்கும் போலி ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நிகழ்ந்தன. அதாவது கூடவும் இல்லை, இதயம் வலுப்படவும் இல்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கிழப்பதும் நுரையீரலில் ரத்தக்கட்டு அடைப்பதும் ஜெல் பூசியவர்களிடம் சற்று அதிகம். இரண்டு வெவ்வேறு நாள் காலையில் ரத்தத்தில் அளந்து, குறைவு உறுதியானால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

தங்கள் அக்கா எந்தத் தொல்லைக்காக ஹார்மோன் கேட்டார் என்று தாங்கள் எழுதவில்லை. பிறப்புறுப்பு வறட்சியோ அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் குறைந்த அளவில் பயன்படுத்தும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு ரத்தத்தில் மிகச் சிறிதளவே கலப்பதால், 67 வயதிலும் அதைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் பேசலாம். மாதவிடாய் நின்றபின் அவருக்கு எப்போதாவது ரத்தப்போக்கு இருந்திருந்தால், அதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

தங்களைப் பற்றியும் ஒரு விவரம் கடிதத்தில் இல்லை. தங்களுக்கோ, தாய்க்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்ததுண்டா? தங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? இவற்றில் எதற்காவது "ஆம்" என்பது விடையென்றால், பட்டையைப் பிரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். சீட்டு மாற வேண்டியிருக்கும்.